தூர் வாருவோர் யார்?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

புதிதாக ஒன்றைப் படைப்பவனுக்கு மாலை விழுகிறது. படைத்ததைப் பழுதுபடாமல் காப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயிலைக் கட்டிய மன்னன் பெயர் கல்வெட்டில் இருக்கும். அதே கோயிலின் விமானத்தில் முளைத்த அரசங்கன்றை ஆண்டுதோறும் பிடுங்கி எறிந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இராது. ஆனால் அந்தப் பெயர் தெரியாத மனிதன் இல்லாதிருந்தால், இன்று நாம் படித்து மகிழ அந்தக் கல்வெட்டே இருந்திராது.

கணிப்பொறி உலகிலும் இந்த வழக்கம்தான் நிலவுகிறது. புதிய செயலி ஒன்று வந்தால் செய்தித்தாளில் படம் வருகிறது. அந்தச் செயலிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், பத்தாண்டுகளாக யாரோ ஒருவர் பழுது பார்த்துவரும் சிறு நிரலைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. அந்த ஒருவரைப் பற்றியும், அவர் வேலையில் அரசு கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு உள்ள பங்கைப் பற்றியும் என் கருத்தை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நிரல் நூலகமும் குறிப்புக் கோப்பும்

பிற துறை மாணவர்களுக்காக முதலில் சில விளக்கங்கள்.

பைத்தான் என்பது நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட நிரல்மொழி. இன்று நம் மாநிலத்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஒருவர் எழுதிய நிரலைப் பலரும் எடுத்துத் தம் வேலைக்குப் பயன்படுத்தும்படி கட்டிவைத்தால் அதற்கு நிரல் நூலகம் என்று பெயர். அந்த நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதி வெளியிட்டால் அது திறந்த மூல நூலகம்.

ஒரு மென்பொருளை நம் கணிப்பொறியில் நிறுவ வேண்டுமென்றால், அதற்கு என்னென்ன துணைப்பொருள்கள் தேவை, எந்தப் பதிப்பு தேவை, எந்த முறையில் கட்ட வேண்டும் என்றெல்லாம் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரர் எழுதித் தரும் சாமான் பட்டியலைப் போன்றது அது. இதைக் கட்டமைப்புக் கோப்பு என்கிறோம். பைத்தான் உலகில் 'செட்டப் சி.எஃப்.ஜி.' என்பது பழைய வகைக் கோப்பு. 'பைபிராஜெக்ட் டாம்ல்' என்பது புதிய வகை. இந்தக் கோப்பை வரி வரியாகப் படித்து, 'இது தலைப்பு, இது பெயர், இது மதிப்பு' என்று பிரித்துக் கொடுக்கும் வேலைக்குப் பாகுபடுத்தல் என்று பெயர். அந்த வேலைக்கென்றே தனி நூலகங்கள் இருக்கின்றன.

கேட்பதற்கு மிகச் சிறிய வேலை. பட்டியலைப் படித்துச் சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பட்டியலைத் தவறாகப் படித்தால் பந்தி முழுவதும் கெடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் சாவி

பழைய நாளில் பைத்தான் மென்பொருளை நிறுவ, அதனுடன் வரும் 'செட்டப் பை' என்னும் நிரலையே ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நிரல் ஓடுவதற்கே சில துணைப்பொருள்கள் தேவைப்படும். அவை எவை என்பதோ நிரலை ஓட்டினால்தான் தெரியும். சமைத்து முடித்த பிறகுதான் சமையலுக்கு என்ன சாமான் வேண்டும் என்பது தெரியும் என்றால் எப்படி இருக்கும்! இந்தச் சங்கடத்தைத் தீர்க்கவே, தேவைகளை ஒரு தனிக் கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2016-ல் ஒரு முன்மொழிவு வந்தது. எழுதும் முறையாக டாம்ல் தேர்ந்தெடுக்கப்பட்டது. டாம் பிரஸ்டன்-வெர்னர் என்பவர் 2013-ல் வகுத்த எழுதுமுறை அது.

முறை வந்துவிட்டது, அதைப் படிப்பது யார்? பைத்தான் மொழியோடு டாம்ல் படிக்கும் நூலகம் எதுவும் அப்போது வரவில்லை. எனவே மென்பொருள்களை நிறுவித் தரும் 'பிப்' என்னும் கருவி, தனியார் ஒருவர் எழுதிய நூலகத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. அதைப் பராமரிப்பது நின்றபோது இன்னொன்றுக்கு மாறியது. அந்த இரண்டாவதும் தேங்கியது; 2021 ஜனவரியில் டாம்ல் 1.0 விதிகள் வெளிவந்தபோது, அவற்றை முழுவதும் ஏற்கும்படி அது திருத்தப்படவில்லை. பிறகு டானெலி ஹுக்கினென் எழுதிய 'டாம்லி' என்னும் நூலகத்துக்கு பிப் மாறியது. 2018-க்கும் 2021-க்கும் இடையில் மூன்று நூலகங்கள்! உலகம் முழுவதும் உள்ள பைத்தான் பயனர்கள் நாள்தோறும் ஓட்டும் ஒரு கருவி, ஓய்வு நேரத்தில் உழைத்த ஓரிருவரின் தோளில் இப்படி மாறி மாறி ஏறி நின்றது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டாம்ல் படிக்கும் நூலகத்தை நிறுவ வேண்டும் என்றால், அதன் கட்டமைப்புக் கோப்பைப் படிக்க வேண்டும். அந்தக் கோப்பு எழுதப்பட்டிருப்பதும் டாம்ல் முறையில்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போன்ற நிலைமை. கடைசியில் 2022 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.11 பதிப்பில், டாம்லி நூலகத்தைத் தழுவி 'டாம்லிப்' என்ற பெயரில் மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தனிமனிதரின் ஓய்வுநேர உழைப்பு மொழியின் பொதுச்சொத்தாகியது இவ்வாறுதான்.

மாயவரமும் மயிலாடுதுறையும்

பராமரிப்பவரின் துன்பங்களில் பெரியது, பழைய வழக்கத்தை என்ன செய்வது என்பது. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். மாயூரம் என்ற பெயர் 1982-ல் மயிலாடுதுறை ஆயிற்று. தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர் 1991-ல் நாகை மாவட்டத்துக்குப் போனது. 2020-ல் தனி மாவட்டத்துக்கே தலைநகராயிற்று. ஆனாலும் பேருந்து நிலையத்தில் இன்றைக்கும் 'மாயவரம், மாயவரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய முகவரியோடு வரும் கடிதத்தை 'அப்படி ஓர் ஊர் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். கடிதத்துக்குக் காத்திருப்பவன் கதி என்ன?

இதே நிகழ்ச்சி 2025 மார்ச் 24 அன்று பைத்தான் உலகில் நடந்தது. 'செட்டப்டூல்ஸ்' என்பது மென்பொருள்களைக் கட்டித் தரும் பழைய நூலகம். செட்டப் சி.எஃப்.ஜி. கோப்பில் பெயர்களுக்கு நடுவே சிறுகோடு போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு அடிக்கோடு போடுங்கள் என்று 2021 முதல் அந்த நூலகம் எச்சரித்து வந்தது. நான்காண்டுகள் கழித்து 78-ஆம் பதிப்பில், சிறுகோடு போட்ட கோப்பை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பதிப்பு வெளியான உடனேயே பல இடங்களில் நிறுவும் வேலை முறிந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பழைய தொகுப்புகளைக் கட்டும்போதும், பிப் தனியாக ஓர் இடம் ஒதுக்கி, புதிய செட்டப்டூல்ஸையே அங்கே இறக்கிப் பயன்படுத்துகிறது. ஆகவே தம் கோப்பில் சிறுகோடே போடாதவர்களுக்கும், அவர்கள் நம்பியிருந்த ஏதோ ஒரு பழைய தொகுப்பின் சிறுகோட்டால் வேலை நின்றது. சில மணி நேரத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்று, நீக்கத்தைத் தள்ளிவைத்து, 2026-க்குள் மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இது புதிய கதையும் அன்று. பைத்தானுடனே வரும் 'கான்ஃபிக்பார்சர்' என்னும் பாகுபடுத்தியில் ஒரு பழைய பெயரை 2011-லேயே கைவிடச் சொன்னார்கள்; 2023 அக்டோபரில்தான் உண்மையில் நீக்கினார்கள். பன்னிரண்டு ஆண்டு அவகாசம்! அப்படியும், செட்டப் சி.எஃப்.ஜி. கோப்பைப் படிக்க அந்தப் பெயரையே நம்பியிருந்த 'வெர்ஷனீர்' என்னும் கருவியின் பழைய பிரதிகளைத் தம் தொகுப்பில் வைத்திருந்தவர்கள் புதிய பைத்தானில் தடுக்கி விழுந்தார்கள்.

இங்கே யாரைக் குற்றம் சொல்வது? பழைய பாதைகளையெல்லாம் என்றென்றும் திறந்தே வைத்தால் நிரல் புதராகிவிடும். புதிதாக வருபவர் உள்ளே கால்வைக்க முடியாது. மூடினால் யாரோ ஒருவர் வெளியே நிற்பார். நம் ஊர் வழக்கம் ஒன்று இதற்கு வழிகாட்டும். ஐப்பசி முழுவதும் காவிரித் துலாக்கட்டத்தில் நீராடல். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அத்துடன் முடிந்ததா? கார்த்திகை முதல் நாள், நடக்க முடியாமல் தாமதமாக வந்து சேர்ந்தவனுக்காக முடவன் முழுக்கு என்று ஒரு நாள் இருக்கிறது. நாளைக் குறித்தவர்கள் பின்தங்கியவனையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நல்ல பராமரிப்பாளர் இந்த இரண்டையும் செய்பவர்: கடைநாள் குறிப்பார், முடவன் முழுக்கும் வைப்பார். ஆனால் நான்காண்டு எச்சரிக்கையைக் கண்டும் காணாமலும் இருந்த பயனர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. காவிரி ஒரு நாள் காத்திருக்கும். ஆண்டு முழுவதும் காத்திருக்காது.

காவல் தளர்ந்தால்

தோளில் சுமப்பவர் ஒருவரே என்றால், அந்தத் தோள் தளரும் நாளில் என்ன நடக்கும்? 2024 மார்ச்சில் உலகம் அதைப் பார்த்தது. 'எக்ஸ்.இசட்.' என்பது கோப்புகளைச் சுருக்கும் நூலகம். பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் இருப்பது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸி காலின் அதை நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவராகவே காத்து வந்தார். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்றும், தம் உடல்மன நிலையும் இடம் தரவில்லை என்றும் 2022-ல் அவர் வெளிப்படையாக எழுதினார். 'வேலை ஏன் நடக்கவில்லை?' என்று முகந்தெரியாத சிலர் அவரை நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. உதவுகிறேன் என்று 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, உடன் பராமரிப்பவராகவே ஆனார். இறுதியில் அவர் பெயரால் வெளிவந்த பதிப்புகளில் கள்ளக்கதவு இருந்தது.

அந்தக் கள்ளக்கதவைத் திறக்கும் சூழ்ச்சி ஒளித்துவைக்கப்பட்ட இடம் எது தெரியுமா? மென்பொருளைக் கட்டும்போது ஓடும் கட்டமைப்புக் கோப்புகளில்! எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டித் தந்த மூட்டையில் மட்டும் இருந்தன. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், எத்தனை அலுவலகங்களின் கதவு திறந்து கிடந்திருக்கும்!

கட்டமைப்புக் கோப்புகளை யாரும் படிப்பதில்லை என்பதைப் பகைவன் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். ஆளில்லாத மதகில்தான் உடைப்பு வரும்.

நம் மண்ணின் பாடம்

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றக் கூடாது. மேட்டூர் அணை 1934-ல் கட்டப்பட்டது. மரபுப்படி ஜூன் 12-ல் அது திறக்கப்படும்போது, நீர் கல்லணை வந்து, பிரிந்து, பாசன ஆறுகள் வழியே இறங்கி, மேலையூர்க் கடையணை வரை வர வேண்டும். நாம் இருப்பது கடைமடை. தலைப்பில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும், வழியிலுள்ள வாய்க்காலில் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கிடந்தால் நம் வயலுக்கு ஈரம் வராது. அணை கட்டியவரைப் போற்றுகிறோம். தூர் வாரியவர் இல்லையேல் அணை இருந்தும் பயனில்லை. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் முக்கொம்பில் எழுந்த கொள்ளிடம் மேலணையில் 2018 ஆகஸ்டு 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் காலம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

இப்பணியை ஊரார் கூடிச் செய்ததைக் குடிமராமத்து என்றனர். வாய்க்காலால் பயன்பெறுவோர் வாய்க்காலைக் காக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. நிரல் நூலகமும் பொதுவாய்க்கால்தான். அதில் நீர் இறைப்பவர் கோடிக்கணக்கில். மண்வெட்டி எடுப்பவர் ஒருவரோ இருவரோ.

ஆனால் குடிமராமத்தைக் கண்மூடிப் புகழ்வதும் நேர்மையாகாது. அது தானாக நடந்த பொற்காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையில், வராதவனை வரவழைக்க ஆங்கிலேய அரசு 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. மண் சுமந்தவன் பெரும்பாலும் நிலமில்லாதவன். நீர் பாய்ந்ததோ நிலமுள்ளவன் வயலில். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் 'பொதுப்பணி' என்று பேசினால் அது ஏழையின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் பேச்சாகிவிடும். 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது அரசு நிதி ஒதுக்கியே வேலை நடந்தது. அந்தப் பாடத்தையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

சில மறுப்புகளுக்கு விடை

'அப்படியானால், கோடீசுவர நிறுவனங்கள் பயன்படுத்தும் நூலகத்துக்கு நாம் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்?' என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய நிறுவனங்கள் இதற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஜெர்மனி அரசு 2022-ல் இதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கி, அடித்தள நூலகங்களைப் பராமரிப்பவர்களுக்கு ஊதியம் கொடுத்து வருகிறது. நம் அரசுகளும் இதைச் செய்யலாம். பராமரிப்பவருக்கு 'முடியாது' என்று சொல்லும் உரிமையும் உண்டு. பெரும்பாலான திறந்த மூல உரிமங்கள், இருப்பது இருக்கிறபடியே தரப்படுகிறது, உத்தரவாதம் ஏதுமில்லை என்றுதான் சொல்கின்றன. ஆனால் மிராசுதாருக்கும் நீர் போகிறது என்பதற்காக, கால் காணி வைத்திருப்பவன் தன் வாய்க்காலைத் தூர்ந்து போக விடமாட்டான். நாம் கற்கும் தொழிலே இந்த வாய்க்காலில்தான் ஓடுகிறது.

'நமக்கு ஆங்கிலம் போதாதே' என்பது இரண்டாவது மறுப்பு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை நினைவுகூர வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். சட்டம் புரியாமல் சாமானியன் அலைவதை அவர் பொறுக்கவில்லை. ஒரு நூலகத்தின் கையேட்டைத் தமிழில் எழுதுவதும் அவ்வகைத் தொண்டே. கணியம் மின்னிதழ் 2012 முதல் இத்துறையில் தமிழில் எழுதி வருகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நூலகத்தை, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவர் தோழர்களும் உருவாக்கினார்கள். அதன் தேவையை ஒரு சிறு சோதனையால் அறியலாம். 'மயிலாடுதுறை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் 11 என்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதோ 6. உயிர்க்குறிகளை அது தனித்தனியே எண்ணுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டான் வருவானா? பைத்தான் மொழியின் மையக் குழுவிலேயே செந்தில் குமரன் என்னும் தமிழ்ப் பெயர் இருக்கிறது. இணைய முகவரிகளைப் பாகுபடுத்தும் 'யுஆர்எல்லிப்' பகுதியை நெடுங்காலம் பராமரித்தவர் அவர்.

தமிழர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளும் உண்டு. மேற்கத்திய எழுத்துகளுக்கான 1252 அட்டவணையில் இயங்கும் விண்டோஸ் கணிப்பொறியில், குறிமுறையைச் சொல்லாமல் தமிழ்க் கட்டமைப்புக் கோப்பைப் பைத்தானில் திறந்து பாருங்கள். உயிர்மெய் எழுத்துகள் சில உருத்தெரியாமலாவது வரும். மெய்யெழுத்து வந்தவுடன் நிரல் நின்றுவிடும். காரணம், மெய்யின் புள்ளியைக் குறிக்கும் மூன்று எண்களில் கடைசி எண்ணுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. நம் புள்ளி நிரலையே நிறுத்துகிறது! குறிமுறை யு.டி.எஃப்.-8 என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும். பைத்தான் 3.15 பதிப்பில் இதையே இயல்பாக்குவது என முடிவாகியிருக்கிறது. அதுவரை, இந்த ஒரு சொல் விடுபட்ட நூலகங்களைக் கண்டு சொல்வது யார் வேலை? இன்னொன்று: நெல் கொள்முதல் கணக்குக்காக 'ஈரப்பதம் = 17%' என்று எழுதி, கான்ஃபிக்பார்சரிடம் அதன் மதிப்பைக் கேட்டால் பிழை என்று சொல்லும்; விழுக்காட்டுக் குறி அங்கே வேறொரு பொருள் உடையது. இரட்டைக் குறி இட வேண்டும். இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிவைத்தால், எத்தனை இளைய மாணவர்களின் இரவுகள் மிச்சமாகும்!

மூன்றாவது மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். 'மாணவர் உதவி' என்று வந்தாலே பராமரிப்பவர்கள் அஞ்சும் நிலை இருக்கிறது. 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்னும் ஆண்டு நிகழ்ச்சியில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு சட்டை பரிசு என்றிருந்தது. 2020 அக்டோபரில் கையேடுகளில் ஒரு புகழ்ச்சொல்லைச் செருகிவிட்டுத் 'திருத்தம்' என்று அனுப்பியவர்கள் ஏராளம். நம் நாட்டு மாணவர்களும் அதில் நிறையப் பேர். சில நாள்களிலேயே விதியை மாற்றவேண்டி வந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் பொய்யான பிழையறிக்கைகளும் சேர்ந்துகொண்டன. தூர் வார வந்தவன் கரையை வெட்டிவிட்டுப் போவதைவிட, அவன் வராமலிருப்பதே மேல். சட்டைக்காகவும் சான்றிதழுக்காகவும் செய்யும் வேலை தொண்டாகாது.

நாம் செய்யக்கூடியவை

இறுதியாண்டில் நாம் எல்லோரும் ஒரு திட்டப்பணி செய்கிறோம். வருகைப் பதிவேடு, மருந்துக் கடைக் கணக்கு, பேருந்து முன்பதிவு என்று பெரும்பாலான கல்லூரிகளில் ஆண்டுக்காண்டு அவையே வருகின்றன. பொன்னெழுத்து அச்சிட்டு, கெட்டி அட்டை போட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்தவுடன் அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அவற்றை மறுநாள் பயன்படுத்துவோர் ஒருவரும் இலர். பயன்படுத்துவோர் இல்லாததால் பிழை சொல்வோரும் இலர். பிழை சொல்வோர் இல்லாததால் நாம் திருத்தக் கற்பதும் இல்லை. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் கலையை மூன்றாண்டுகளில் ஒருமுறையும் பழகாமலேயே பட்டம் பெறுகிறோம். வேலைக்குப் போனால் முதல் நாள் நம்மிடம் தரப்படுவதோ பிறர் எழுதிய பழைய நிரல்!

ஆகவே என் கோரிக்கை இது. விரும்பும் மாணவர் குழு, புதிய திட்டப்பணிக்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ள ஒரு சிறிய திறந்த மூல நூலகத்தின் பராமரிப்பில் ஓராண்டு ஈடுபட்டு, அதையே திட்டப்பணியாகச் சமர்ப்பிக்க இடம் தர வேண்டும். எத்தனை வரி எழுதினோம் என்று மதிப்பெண் போடாமல், எத்தனை பிழைகளைச் சான்றோடு நிறுவினோம், எத்தனை சோதனைகள் சேர்த்தோம், எவ்வளவு கையேட்டைத் தமிழில் தெளிவாக்கினோம் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கட்டாயமாக்கக் கூடாது, 1858-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு வேண்டாம். ஆனால் செய்பவனின் உழைப்பு வீணாகவும் கூடாது.

வேலையின் முறை எளியது, பொறுமைதான் அரியது. 'ஓடவில்லை' என்று யாரோ எழுதியிருப்பார். எந்தப் பதிப்பு, எந்தக் கணிப்பொறி, எந்தக் கோப்பு என்று பணிவாகக் கேட்க வேண்டும். அந்தக் கோப்பை நம் ஆய்வுக்கூடத்தில் ஓட்டி அதே பிழையை வரவழைக்க வேண்டும். பிழையைக் காட்டும் மிகச் சிறிய கோப்பாக அதைச் சுருக்க வேண்டும். பத்து வரியில் ஒரு சோதனை எழுத வேண்டும். அதன் பிறகே திருத்தம். திருத்தம் பழைய பயனரை வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து அனுப்பினாலும், பராமரிப்பவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும்; அதையும் ஏற்கப் பழக வேண்டும். ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பிழையை இப்படி முழுமையாகத் தீர்த்தாலும், அது அலமாரியில் தூங்கும் நூறு பக்கங்களை விட மேலானது என்பேன்.

இதற்குப் பெரிய கணிப்பொறி வேண்டியதில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணிப்பொறிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான அந்தத் திறந்த மூல இயங்குதளத்தை நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது திறந்து பார்த்தோம்? வீட்டில் அப்படி ஒரு மடிக்கணினி தூசி படிந்து கிடந்தால், இந்த வேலைக்கு அதுவே போதும்.

நண்பர்களே! புதிய வாய்க்கால் வெட்டும் பெருமை எல்லோருக்கும் கிடைக்காது. எல்லோரும் வெட்டத் தொடங்கினால் வயலே மிஞ்சாது. இருக்கும் வாய்க்காலில் நீர் தடையின்றி ஓடப் பார்ப்பது ஒவ்வொருவர் கைக்கும் எட்டிய வேலை. கடைமடையில் இருப்பவனுக்குத்தான் தூர் வாருதலின் அருமை தெரியும். அந்த அருமை தெரிந்த நாம், வரும் கல்வியாண்டில் மண்வெட்டியை எடுப்போமாக!